தள்ளுபடி வேறு, சேமிப்பு வேறு

மாதக் கடைசியில் வங்கிக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலர், பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “இவ்வளவு பணம் எங்கே போயிற்று?” வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் பெரிய எண்களாக நிற்பதால் உடனே கண்ணில் படுகின்றன. ஆனால், விடை பெரும்பாலும் அவற்றில் இல்லை. நாற்பத்தைந்து ரூபாய், எழுபது ரூபாய், இருநூற்றுப் பத்து ரூபாய் என யுபிஐ வழியே சென்ற சிறு தொகைகளின் நீண்ட வரிசையில் அது இருக்கிறது. அவ்வரிசையில் மளிகையும் காய்கறியும் தின்பண்டமுமே மிகுதி.

இது ஏதோ ஒரு சில வீடுகளின் கதையன்று. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2023–24இல் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, மாதச் செலவில் உணவின் பங்கு ஊரகங்களில் ஏறத்தாழ 47 விழுக்காடு. நகரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அந்த உணவுச் செலவிலும் முதலிடம் பெறுவது அரிசியோ பருப்போ அன்று. பானங்களும் பதப்படுத்திய உணவுகளுமே. எனவே, சேமிப்பைப் பற்றிய பேச்சு வைப்பு நிதியின் வட்டி விகிதத்திலிருந்து தொடங்குவதைவிட, மளிகைக் கடை ரசீதிலிருந்து தொடங்குவதே முறை என்பது எங்கள் கருத்து.

பொட்டலத்தின் முகமும் முதுகும்

கடையில் நம் கண் முதலில் தேடுவது தள்ளுபடி அறிவிப்பை. தேட வேண்டியதோ அலகு விலையை. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, அதிகபட்ச சில்லறை விலையோடு கிராமுக்கு அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்ற அலகு விற்பனை விலையும் அச்சிடப்பட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் அது கிராம் கணக்கிலும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம்.

முன்பு பல பொருள்களைக் குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டுமே பொட்டலமிட இயலும். அந்தக் கட்டுப்பாடு நீங்கியதன் பின்னர், 800 கிராம், 850 கிராம் போன்ற அளவுகளும் கடைத்தட்டில் இடம் பிடித்துவிட்டன. சமையல் எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் உறையின் விலை 150 ரூபாய். அருகிலுள்ள 850 கிராம் உறையின் விலை 144 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ரூபாய் மிச்சம் என்று கை இரண்டாவதை நோக்கி நீளும். ஆனால், ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். அவ்வாறு கணக்கிட்டால் முதல் உறையில் கிலோ சுமார் 165 ரூபாய். இரண்டாவதில் சுமார் 169 ரூபாய். மலிவாகத் தோன்றியதே விலை மிக்கது. எண்ணெய் உறைகளில் கொள்ளளவும் எடையும் அச்சிடப்பட்டிருப்பதால், எடையைக் கொண்டு ஒப்பிடுவதே பிழையற்ற வழி.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் உறுதியன்று. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களில் விலை மாறாமல் எடை மட்டும் குறைவதைப் பார்க்கிறோம். ஷாம்பு போன்ற சிலவற்றில் சிறு உறையே அலகு விலையில் மலிவாக இருப்பதும் உண்டு. ஊகம் வேண்டா, எண்ணைப் பார்ப்போம். அதிகபட்ச சில்லறை விலை என்பது ஓர் உச்ச வரம்பே. கடைக்காரர் அதற்குக் கீழ் விற்கலாம், மேல் விற்கலாகாது. மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பருவமறிந்து வாங்குதல்

பணிமாற்றத்தால் பல மாநிலங்களில் குடியிருக்கும் வாய்ப்பு எங்களைப் போன்ற வங்கி ஊழியர்களுக்கு வாய்க்கிறது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பல குடும்பங்கள் கோடையில் புதுக் கோதுமை வந்ததும் ஆண்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி, வெயிலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிச் சேமித்து வைப்பதைக் கண்டிருக்கிறோம். நம் வீடுகளிலும் புளியும் மிளகாயும் மல்லியும் அவ்வாறே மாசி, பங்குனி வெயிலில் முற்றத்தில் உலர்ந்தன. விளைச்சல் சந்தைக்கு வரும் காலத்தில் வாங்குவது என்பது நம் முன்னோர் அறிந்த நிதித் திட்டமிடலே.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். “மொத்தமாக வாங்குங்கள்” என்ற அறிவுரை கையில் முதல் உள்ளவர்களுக்கே பொருந்தும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் நூறு கிராம் பருப்பு வாங்குவது அறியாமையால் அன்று. அன்றைக்குக் கையில் இருப்பது அவ்வளவே என்பதால். அவருக்குத் தேவை உபதேசமன்று, சிறு முதல். மாதம் ஐந்நூறு ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தி, பன்னிரண்டாம் மாதத்தில் முதிர்வுத் தொகையைக் கொண்டு அறுவடைக் காலத்தில் தானியம் வாங்கினால், ஏழைக் குடும்பமும் மொத்த விலையின் பயனைப் பெறும். மாறாக, கடன் அட்டையில் மொத்தமாக வாங்கிவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவோமாயின், பல அட்டைகளில் மாதத்துக்கு மூன்று விழுக்காடு அல்லது அதற்கும் மேற்பட்ட வட்டி அந்த மலிவை விழுங்கிவிடும்.

மிச்சம் எங்கே இருக்கிறது?

“நூறு ரூபாய் மிச்சம்” என்று ரசீதின் அடியில் அச்சிடப்படுகிறது. அந்த நூறு ரூபாய் எங்கே இருக்கிறது? தேவையற்ற ஒரு பொருளை 400 ரூபாய்க்குப் பதில் 300 ரூபாய்க்கு வாங்கினோம் என்றால், நம் கையை விட்டுப் போனது 300 ரூபாய். நம்மிடம் தங்கியது ஒன்றுமில்லை. முப்பது ரூபாய் விநியோகக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக எண்பது ரூபாய்ப் பொருளைக் கூடையில் சேர்ப்பதும் இதே கணக்குத்தான்.

ஆதலால் நாங்கள் முன்வைப்பது எளிய பழக்கம் ஒன்று. மாதத் தொடக்கத்தில் மளிகைக்கென ஒரு தொகையை வரையறுப்போம். அலமாரியைத் திறந்து பார்த்த பிறகே பட்டியல் எழுதுவோம். மாத இறுதியில் எஞ்சிய தொகையை அன்றே சேமிப்புக் கணக்கிலிருந்து வேறொரு வைப்புக்கு மாற்றிவிடுவோம். மாதம் 1,000 ரூபாய் மிச்சமாகி, அது ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியில் தொடர் வைப்பாகச் சென்றால், ஐந்து ஆண்டுகளில் நாம் செலுத்திய 60,000 ரூபாய் ஏறத்தாழ 71,000 ரூபாயாக நிற்கும். ஒரு கல்லூரிச் சேர்க்கைக்கோ, எதிர்பாராத ஒரு மருத்துவச் செலவுக்கோ நகையை அடகு வைக்காமல் எழுந்து நிற்க அது துணைபுரியும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சிக்கனத்தின் சுமையை இல்லத்தரசியின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் மாலைதோறும் கைப்பேசியில் சிற்றுண்டி வரவழைப்பது நீதியாகாது. பட்டியலை எல்லோரும் சேர்ந்து எழுதுவோம். ரசீதைப் பிள்ளைகளிடம் கொடுத்து அலகு விலையைக் கணக்கிடச் சொல்வோம். பள்ளியில் படித்த வகுத்தல் அவர்களுக்கு முதன்முறையாகப் பயன்படும் இடம் அதுவாகவே இருக்கலாம். அடுத்த மாதக் கடைசியில் பாஸ்புக்கை அச்சிடும்போது, பணம் எங்கே போயிற்று என்று யாரையும் கேட்க வேண்டியிராது.