குஞ்சுக் கணக்கு மட்டும் போட்டோம்

தார்ப்பாய் தொட்டியில் மீன் வளர்க்கும் நாம், ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது "எத்தனை குஞ்சு விட்டீங்க?" என்றுதான். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 மீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 12,500 லிட்டர். 10 கிராம் திலேப்பியா குஞ்சு 500 விட்டால் மொத்தமே 5 கிலோதான். தொட்டி வெறிச்சோடித் தெரிகிறது. இன்னும் 500 விடுகிறோம். முதலில் விட்ட 500 மட்டுமே பிழைத்து அரைக்கிலோ ஆனாலும் அதே தண்ணீர் 250 கிலோவைத் தாங்கியாக வேண்டும். விடும் நாளிலேயே பிடிக்கும் நாளின் எடையை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எடை ஏற ஏறத் தீவனம் ஏறுகிறது. தீவனத்துப் புரதத்திலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு அம்மோனியாவாகத் தண்ணீருக்கே வந்து சேர்கிறது. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அதில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். செவுள் கெடுகிறது, இரை எடுப்பது குறைகிறது, ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் ஒன்று உள்ளங்கை அளவும் இன்னொன்று விரல் அளவுமாக நிற்கிறது. நாம் குஞ்சு கொடுத்த பண்ணையைத் திட்டினோம். ஏரேட்டர் நின்ற இரவில் மீன் செத்து மிதந்தால் மின்வெட்டைத் திட்டினோம். கழிவைத் தின்னும் நுண்ணுயிரைத் தண்ணீரிலேயே வளர்க்கும் பயோபிளாக் தொட்டியில் மீனோடு சேர்ந்து அந்த நுண்ணுயிரும் ஆக்சிஜனை இழுக்கிறது. நெரிசலாக விட்டிருந்தால் காற்று நின்றபின் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த அவகாசத்தைச் சுருக்கியது நம் கைதான்.

விராலுக்குச் செய்தது இதைவிடக் கொடுமை. அது மேலே வந்து காற்றைச் சுவாசித்துக்கொள்ளும், கெட்ட தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். சாகவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி டிரம்மில் திணித்தோம். அளவு பார்த்துப் பிரிக்காததால் பெரியது சிறியதைத் தின்றது. நோட்டில் 'இழப்பு' என்று எழுதியதோடு சரி.

குறைத்து விட்டாலே போதும் என்பதும் சரியில்லை. மிகச் சிலவாக விட்ட திலேப்பியாவில் ஆண்கள் இடம் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே எண்ணைப் பக்கத்து ஊரிலிருந்து கேட்டு வாங்கியதுதான் நம் சோம்பல். நம் தொட்டிக்கு எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு தண்ணீர் மாற்ற முடியும், கரண்ட் போனால் பேட்டரி உண்டா என்று பார்த்து எண்ணைக் குறித்திருக்க வேண்டும்.

அடுத்த குஞ்சு இறங்குமுன் அம்மோனியா சோதனை கிட் வாங்குவோம். 15 நாளைக்கு ஒருமுறை சில மீன்களைப் பிடித்து எடைபோடுவோம். பாரம் கூடினால் விலைக்குக் காத்திராமல் ஒரு பகுதியைப் பிடித்து விற்போம்.