வலப்பக்கத்து வெற்றிடம்

நம் சங்கக் குடும்பங்களில் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுக்கும், அந்நிரல்களால் பெயர் தேடப்படும் நமக்கும் பொருந்தும் செய்தி ஒன்றை இம்மாதம் எழுதுகிறேன்.

ஓய்வூதியப் பட்டியலில் பெயர் இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது, பொறியோ "இல்லை" என்கிறது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பெயரின் வலப்புறத்தில் ஒட்டியிருக்கும் வெற்றிடம். நமக்கு அது வெறுமை. பொறிக்கு அதுவும் ஓர் எழுத்து. ஆஸ்கி முறையில் அதன் எண் 32, ஐ.பி.எம். பெரும்பொறிகளின் எப்சிடிக் முறையில் 64.

1928-இல் ஐ.பி.எம். வெளியிட்ட துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. பெயருக்கு 20 பத்திகள் ஒதுக்கினால், ஆங்கிலத்தில் 18 எழுத்துள்ள வெங்கடசுப்பிரமணியனுக்கும் 20தான். 5 எழுத்துள்ள ராமனுக்கும் 20தான். ராமனுக்குப் பின் 15 வெற்றிடங்கள் நிற்கும். அட்டை மறைந்தது, வழக்கம் மறையவில்லை. கோபோல் மொழியிலும், தரவுத்தளங்களின் 'சார்' என்னும் நிலைநீள வகையிலும் அது தொடர்கிறது. 72 படுக்கைகள் உள்ள பெட்டியில் நாற்பது பேரே ஏறினாலும் பெட்டி முழு நீளமும் ஓடுகிறதல்லவா, அதைப் போன்றது இது. 'வார்சார்' என்னும் மாறுநீள வகையோ, கொடுத்ததை மட்டும் எண்ணி வைத்துக்கொள்ளும்.

தொல்லை பிறப்பது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுதான். கோபோல் கோப்பிலிருந்து ராமனை அப்படியே வார்சாரில் ஏற்றினால், 15 வெற்றிடங்களும் பெயரின் பகுதியாகிவிடும். பின்னர் வெறும் 'ராமன்' என்று தேடினால், எஸ்க்யூஎல் சர்வர் குறைந்த பக்கத்தில் வெற்றிடத்தை நிரப்பி ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்னும். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸ்ஸும் வேறு வேறு என்னும். ஓர் அலுவலகத்தில் பழுதின்றி ஓடிய நிரல் மற்றோர் அலுவலகத்தில் ஆளைக் காணவில்லை என்று சாதிப்பது இதனால்தான்.

ஆகவே, ஏற்றும் இடத்திலேயே 'ஆர்ட்ரிம்' கொண்டு வலப்புற வெற்றிடத்தை நீக்கிவிட வேண்டும். தேடும்போதெல்லாம் நீக்கிக்கொள்ளலாம் என்பது சோம்பல். எங்கேனும் ஓரிடத்தில் மறந்து போகும். தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது பெயருக்கே உரியது. மீண்டும் நிலைநீளக் கோப்பாக எழுதும்போது நீக்கியதை நிரப்பியாக வேண்டும். இல்லையேல் அடுத்த பத்தியிலுள்ள பிறந்த தேதி நகர்ந்து பெயருக்குள் புகுந்துவிடும். முழுவதும் வெற்றிடமாயிருந்த பத்தியை நீக்கினால் மிஞ்சும் வெறுஞ்சரத்தை ஆரக்கிள் 'மதிப்பே இல்லை' என்று கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க.

தமிழில் பெயர் எழுதுவோர்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'முருகன்' என்பதில் புள்ளியையும் உகரக் குறிகளையும் சேர்த்து 7 குறிகள். ஆக 21 பைட்டுகள். 20 பைட்டுப் பத்தியில் வெற்றிடத்துக்கே இடமில்லை. கடைசிப் புள்ளிக்கும் இடமில்லை. ஆரக்கிளில் வேறாகக் குறிப்பிடாவிட்டால் அளவு பைட்டுக் கணக்கு. மைஎஸ்க்யூஎல்லில் குறிக் கணக்கு.