மூன்றாவது முறை எழுத யாருக்கு வசதி இருக்கிறது?

நீட் முடிவு வந்த வாரத்தில் தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனால் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: 'லாங்டேர்ம் போடுவோமா, நர்சிங்கில் சேர்த்துவிடுவோமா?' பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அடகு வைக்க இன்னும் நகை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவாகிறது. இது அநியாயம்.

லாங்டேர்ம் என்றால் ஒரு முழு வருடம். விடுதியில் தங்கி, அதே என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தை வரிக்கு வரி மறுபடி படிப்பது. வாராவாரம் மாதிரித் தேர்வு, 180 கேள்வி, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுப்பது. தங்கிப் படிக்கும் மையங்களில் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். அப்படி இரண்டு வருடம் பழகிய கையோடு போட்டி போடுபவள் யார்? மாநிலப் பாடத்திட்டத்தில் +2 எழுதிய கையோடு சில வாரங்களில் நீட் எழுதும் அரசுப் பள்ளி மாணவி. அம்மா சுளகில் பீடி சுற்றும் திண்ணையிலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தவள். தரவரிசைப் பட்டியலில் இருவரின் மதிப்பெண் மட்டுமே தெரியும். எத்தனையாவது முறை எழுதி அதை எடுத்தார்கள் என்பது எங்கும் கணக்கில் வருவதில்லை.

இதன் விளைவை, நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் எண்ணிக்கையாகவே காட்டியது. +2 மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடந்த 2016-17இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் அது 71 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் முதல்முறை எழுதுபவர்கள் சிறுபான்மையாகிவிட்டார்கள். முயற்சிகளுக்கு வரம்பு கிடையாது. 2022இல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். பணமும் பொறுமையும் உள்ள வீட்டுக்குக் கதவு ஆண்டுதோறும் திறந்தே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற சொல் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். +2 தேறியவர்களே இயற்பியல், வேதியியல், உயிரியலை மறுபடி எழுதி மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு மருத்துவ இடத்துக்கு வரிசையில் நிற்க முடிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் இதனால் பின்னுக்குப் போகிறார்கள் என்ற காரணத்தோடு 2005இல் மாநில அரசு நுழைவுத் தேர்வோடு சேர்த்து இதையும் ஒழிக்க இறங்கியது. நுழைவுத் தேர்வு நீக்கம் நீதிமன்றங்களில் இழுபட்டு 2007இல்தான் சட்டமாக நிலைத்தது. இவ்வளவு பாடுபட்டு மூடிய வழி, 2017இல் நீட் வந்ததும் எந்த விவாதமும் இல்லாமல் முன்னிலும் அகலமாகத் திறந்துகொண்டது.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் புக மூன்று முறைதான் வாய்ப்பு. நம் நாட்டிலேயே ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம்.  அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்குப் பொது விண்ணப்பம் போடும்போது கல்லூரிப் பாட மதிப்பெண்களும் சராசரியில் சேரும். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் புதியது பழையதை அழித்துவிடாது. இரண்டும் கணக்கில் நிற்கும். அங்குள்ள மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டை வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுத முடியாது. ஒவ்வொரு நாடும் தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் கோடு போட்டிருக்கிறது. நீட்டில் அப்படி ஒரு கோடே இல்லை.

மறுபடி எழுதும் பிள்ளையை நாம் குற்றம் சொல்லவில்லை. காய்ச்சலில் தேர்வைக் கோட்டைவிட்டவளுக்கும், அப்பா இறந்த வருடத்தில் எழுதியவனுக்கும் இன்னொரு வாய்ப்பு வேண்டும். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெறும் அரசுப் பள்ளி மாணவர்களிலும் பலர் இரண்டாம் முறை எழுதியவர்கள்தாம். அது அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த பலன். இரண்டாம் வாய்ப்பு நியாயம். வசதி உள்ளவருக்கு மட்டும் மூன்றும் நான்கும் ஐந்துமாக நீளும் வாய்ப்பு நியாயமல்ல. அதைத் 'தகுதி' என்று பெயர் சூட்டி அரசே முத்திரை குத்துவது அதைவிடப் பெரிய பிழை.

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. விலக்குக்கான போராட்டம் தொடரட்டும். அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒன்றிய அரசு, இடம் பெற்றவர்கள் எத்தனையாவது முயற்சியில் பெற்றார்கள் என்பதை மாநிலவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முயற்சிகளை இரண்டாக வரையறுக்க வேண்டும். மாநில அரசு, அந்த இரண்டாம் ஆண்டைத் தன் செலவில் ஏற்க வேண்டும். 2019இல் பிறந்த தென்காசி மாவட்டத்துக்கு இன்றுவரை அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. இங்குள்ள பிள்ளைக்குப் பயிற்சியும் வெளியூர், படிப்பும் வெளியூர். சிவகிரி வட்டத்திலேயே உணவோடு தங்கிப் படிக்க ஓர் அரசு விடுதியும், உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் முழுநேர ஆசிரியர்களும் அடுத்த ஜூனுக்குள் வந்தாக வேண்டும்.