ரிவர்டேல் பாடினால் புதுமை, மெலிஞ்சிமுனை பாடினால் பழசோ?

2018 ஏப்ரலில் 'ரிவர்டேல்' தொடர் ஒரு எபிசோடையே இசைநாடகமாக்கினது. பள்ளிக்கூடப் பெடியள் அதில மேடையேற்றினது 'கேரி'. 1988இல் பிராட்வேயில் திறந்து, 5 காட்சியோட இழுத்து மூடின நாடகம் அது. தோத்துப்போன ஒண்டைத் தூசு தட்டி அடுத்த தலைமுறையின்ர வாயில வைச்சாங்கள். அதை நாங்களும் ரசிச்சம்தான்.

ஆனால் இதைப் 'புதுமை' எண்டு கொண்டாடுற எங்கட ஆக்கள், அண்ணாவியார் பழக்கி விடிய விடியப் பாடி ஆடுற தீவகத்துக் கூத்தை மட்டும் ஏன் 'பழசு' எண்டுகினம்? அங்கயும் கதையைப் பாட்டுத்தானே நகர்த்துது!

மெலிஞ்சிமுனைக் கூத்துக்கு அனுதாபம் வேண்டாம். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடமொண்டில பிள்ளையள் கூத்துப் பழகுற கதையைத் தமிழ்த் தொடரொண்டு எடுக்கட்டும். ஒரே ஒரு எபிசோட் போதும். பிறகு சொல்லுங்கோ, எது பழசு எண்டு.