பத்தாயிரத்துக்கு ரசீது வேணுமா பாஸ்?

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகியாச்சா? கங்கிராட்ஸ்! திண்டுக்கல்லில் ட்ரீட்னா பிரியாணிதான், அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல ஒரு எச்சரிக்கை.

வேலைக்குப் போய் ரெண்டு இன்கிரிமென்ட் வாங்கினதும், யாராவது ஒரு சீனியர் காதைக் கடிப்பார். "வரி பிடிக்கிறாங்களா? நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார். டிரஸ்ட்டுக்கு நன்கொடை கொடுத்த மாதிரி காட்டி, பிடிச்ச பணத்தைத் திருப்பி வாங்கித் தருவார். கமிஷன் மட்டும் கொடுத்தா போதும்!"

உடனே தலையாட்டிடாதீங்க. கொஞ்சம் கணக்கு போடுங்க.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. அதுக்குப் பேர் 80ஜி. (2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் நம்பர் மாறிடுச்சு, ஊர் வாயில் இன்னும் 80ஜிதான்.) பழைய வரிமுறையில் 20 சதவீத வரி கட்டும் ஒருத்தர், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் தர்றார்னு வைங்க. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குப் பாதிதான் கழிவு. அதாவது 5,000 ரூபாய். வரியில் மிச்சம், செஸ்ஸோடு சேர்த்து 1,040. மீதி 8,960 ரூபாய் அவர் பையிலிருந்து போனதுதான்! பிரதமர் நிவாரண நிதி, முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுசும் கழிவு. அப்பவும் மிச்சம் 2,080தான். ஆக, 'நன்கொடை கொடுத்தேன், லாபம் வந்துச்சு'ன்னு ஒருத்தர் சொன்னால், அங்கே நன்கொடையே நடக்கலைன்னு அர்த்தம்.

புதிய வரிமுறையில் இந்தச் சலுகையே கிடையாது. ஆனா 2025-26 முதல், அதில் 12 லட்சம் வரை சம்பளக்காரர்களுக்கு வரியும் இல்லை. மாசம் முப்பதாயிரம் வாங்கப் போற உங்களுக்கு இல்லாத தலைவலிக்கு எதுக்குங்க தைலம்?

மாட்டுவோமா என்கிறீங்களா? 2025 ஜூலை 14-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது, இப்படிப் பொய்க்கழிவு காட்டிக் கொடுத்த ஏஜென்ட்டுகளைத் தேடித்தான். அதற்கு முந்தைய நாலு மாசத்தில் மட்டும் சுமார் 40,000 பேர், 1,045 கோடி ரூபாய் பொய்க்கழிவைத் தாங்களாகவே வாபஸ் வாங்கினாங்க. பிடிபட்டால் ஏய்த்த வரியைப்போல ரெண்டு மடங்கு அபராதம். ஏஜென்ட் கமிஷனோடு போயிடுவார். நோட்டீஸ் உங்க பான் நம்பருக்குத்தான் வரும்.

நிஜமாவே கொடுக்க ஆசையா? சின்னாளபட்டி பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற காந்திகிராமம், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பிச்சது. அங்கே பல்கலைக்கழகம் மட்டுமில்லை, கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும் இருக்கு. 80ஜி-யை நினைச்சு ஆரம்பிச்ச வேலையா அது?

ஆனா எங்கே கொடுத்தாலும், 80ஜி பதிவு இப்போ செல்லுமான்னு முதல்ல கேளுங்க. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. செக்கோ, யுபிஐ-யோ நல்லது. அரிசி மூட்டை, பழைய துணி கணக்கில் வராது. பழனி உண்டியலில் போட்டதுக்கு முருகன் ரசீது தரமாட்டார்! 2021-22 முதல், யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு அறக்கட்டளையே வருமான வரித்துறைக்குக் கணக்குக் கொடுத்து, அதன் வழியா எடுக்கிற சான்றிதழை உங்களுக்குத் தரணும். வெறும் ரசீதோடு திரும்பாம, பான் நம்பரைக் கொடுத்துட்டு, நிதியாண்டு முடிஞ்சதும் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கோங்க.