மழைக்காலத்தில் சாகும் மின்கலங்கள்

கல்வி நிறுவனங்களின் மொட்டைமாடிகளில் சூரிய மின்தகடுகள் ஏறியபோது அவற்றோடு ஒரு சிறு கருவியும் ஏறியது. சக்கரம் வைத்த தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, நீண்ட கழியின் நுனியில் ஒரு தூரிகை, அடியில் ஓர் ஈய-அமில மின்கலம். மாடியில் குழாயும் மின்செருகியும் இல்லாத இடங்களில், விடியற்காலையில் கண்ணாடி சூடேறுமுன் புழுதியைக் கழுவ இதுவே வழி. தகடுகளின் திறனைப் பற்றியும் இன்வெர்ட்டரின் உத்தரவாதத்தைப் பற்றியும் ஒப்பந்த ஆவணங்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. இந்த மின்கலத்தைப் பற்றி “12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி” என்னும் ஒரு வரிக்கு மேல் எவரும் எழுதுவதில்லை.

அந்த அலட்சியத்தின் விலை அக்டோபரில் தெரியவரும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தகடுகளை மழையே கழுவிவிடுகிறது. கடைசியாகக் கழுவிய நாளில் பாதி தீர்ந்த நிலையில் இருந்த மின்கலம் அப்படியே பொருளறைக்குள் போகிறது. ஈய-அமில மின்கலம் சும்மா இருந்தாலே 25 பாகை வெப்பத்தில் மாதம் சுமார் 3 விழுக்காடு மின்னூட்டத்தை இழக்கும். தகரக் கூரையின் கீழ் அந்த இழப்பு இன்னும் விரைவு. மின்னூட்டம் குறைந்த தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் கெட்டிப்படிகங்களாக இறுகுகிறது. நான்கு மாதம் கழித்து எவ்வளவு நேரம் மின்னேற்றினாலும் அதன் ஒரு பகுதி கரையாது. “பேட்டரி பழசாகிவிட்டது” என்று கோப்பில் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது உழைத்துத் தேய்ந்த மின்கலம் அன்று, கிடந்து கெட்ட மின்கலம்.

பரிசோதனை என்ற பெயரில் நடப்பதும் வேடிக்கையானது. மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்துப் பார்க்கிறார்கள், 12.7 வோல்ட் காட்டினால் மின்கலம் நலம் என்று முடிவு. ஓய்வு நிலையின் மின்னழுத்தம் மின்னூட்டத்தின் அளவைத்தான் தோராயமாகச் சொல்லும், கொள்ளளவைச் சொல்லாது. பாதி கொள்ளளவை இழந்த மின்கலமும் முழுதாக மின்னேற்றிய பின் அதே எண்ணைக் காட்டும். சின்னச் செம்பும் பெரிய குடமும் விளிம்புவரை நிறைந்திருப்பது போன்றது அது. பம்பை ஓடவிட்டால்தான் வேறுபாடு தெரியும்.

உறையில் அச்சிட்ட 12 ஆம்பியர்-மணி என்பதும் பொதுவாக 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.6 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 4 ஆம்பியர் இழுக்கும் பம்புக்குக் கணக்குப்படி 3 மணி நேரம் கிடைக்க வேண்டும். புது மின்கலமே இரண்டரை மணி நேரத்தை எட்டினால் நன்று. வேகமாக எடுக்கும்போது கொள்ளளவு சுருங்கும் என்பதை பாய்க்கர்ட் 1897-இலேயே வகுத்துக் கொடுத்தார். அந்த விதி மூன்றாம் மாடியில் பாடமாக நடத்தப்படுகிறது; கீழ்த்தளத்துப் பொருளறையில் உப்பிய மின்கலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

சரியான பரிசோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. மின்கலத்தை முழுதாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்து, பம்பிலிருந்து வரும் நீர் அதே தொட்டிக்குத் திரும்புமாறு குழாயை மாட்டி ஓட்ட வேண்டும். சுமையோடு 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து, உடனே மறுபடி மின்னேற்றிவிட வேண்டும். வாங்கிய முதல் நாளின் நிமிடக் கணக்கு இருந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. அந்த முதல் கணக்குதான் எங்கும் இருப்பதில்லை. கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் மாற்றுக என்பது அவசரகால மின்சாரத்துக்குக் காத்திருக்கும் மின்கலங்களுக்கான மரபு. கழுவும் பம்புக்கு 60 விழுக்காடும் பாதி மாடிக்குப் போதும். எந்தப் பாதி என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் சரி.

ஓரிரு ஆயிரம் ரூபாய் பொருளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்கும். பணத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் விலைப்புள்ளி கோரி, ஒப்புதல் பெற்று, புது மின்கலம் வந்து சேர வாரங்கள் ஆகும். அதுவரை தகடுகள் புழுதியோடு கிடக்கும், அல்லது ஓர் ஒப்பந்தத் தொழிலாளி வாளியில் நீர் சுமந்து படியேறுவார். “சரியாகச் சார்ஜ் போடவில்லை” என்ற பழியும் அவர் தலையிலேயே விழும். மின்னேற்றி 14.7 வோல்ட்டிலேயே நின்று வாரக்கணக்கில் மின்கலத்தை உலர்த்துகிறதா, நிறைந்தபின் 13.6 வோல்ட் அளவுக்கு இறங்குகிறதா என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

லித்தியத்துக்கு மாறிவிட்டால் தீரும் என்பது அடுத்த நம்பிக்கை. நல்ல லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் மின்கலம் பொருளறையில் கிடப்பதைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதன் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், மல்டிமீட்டர் முன்னைவிடவும் குறைவாகவே சொல்லும். இணையச் சந்தையின் கையடக்கக் கழுவு கருவிகளில் “48விஎஃப்” என்று பொறித்த பெட்டிகளும் உலவுகின்றன. அவற்றுள் தொடராக இணைந்த ஐந்து கலங்கள் தரக்கூடிய உச்சம் 21 வோல்ட். ஐ.எஸ். 16046 முத்திரை பாதுகாப்புக்கான உறுதி. பம்பு எத்தனை நிமிடம் ஓடும் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை.

அகாலத்தில் சாகும் ஒவ்வொரு ஈய மின்கலத்துக்கும் இன்னொரு பயணம் இருக்கிறது. பழைய இரும்போடு எடை போட்டு விற்கப்பட்டது எங்கோ ஒரு திறந்த உலையில் உருக்கப்படலாம். யூனிசெஃப்பும் பியூர் எர்த்தும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. முறையற்ற மின்கல மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. பழைய மின்கலம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். வளாகங்கள் தம் அளவில் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு: கொள்முதல் ஆவணத்தில் முதல் நாள் ஓட்ட நிமிடங்களைக் கேட்பது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மே இறுதியில் முழு மின்னேற்றத்தையும், மழை மாதங்களில் மாதம் ஒரு முறை மின்னேற்றத்தையும், அக்டோபருக்கு முன் ஓட்டப் பரிசோதனையையும் சேர்ப்பது, அந்தப் பரிசோதனையை இளநிலை மாணவர்களின் செய்முறைப் பயிற்சியாக்கி, நிமிடக் கணக்கைத் தொட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டிவைப்பது. காலையில் கருவியைத் தள்ளிச் செல்பவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.