நான்கு கட்டடங்கள், ஒரு பாலம்

இத்தாலியின் விசென்சா பெரிய நகரமல்ல. இருந்தாலும் உலகெங்கிலுமிருந்து அங்கே ஆட்கள் வருகிறார்கள், பெரும்பாலும் ஒரே மனிதருக்காக. கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கி மறுமலர்ச்சிக் காலத்தின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவராக உயர்ந்த அந்திரேயா பல்லாதியோ (1508-1580) அந்நகரில் எழுப்பிய மாளிகைகளை நடந்தே பார்த்துவிடலாம். நகரின் முக்கிய வீதிக்கே அவர் பெயர்தான். 1994இல் யுனெஸ்கோ விசென்சாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அவரை முன்னிட்டே.

அப்படி ஒரு நடை மும்பையிலும் சாத்தியம். விமானம் ஏற வேண்டாம். டோம்பிவிலியில் லோக்கல் ஏறினால் போதும். ஃப்ரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் பல்லாதியோவுக்கு மூன்று நூற்றாண்டு பிந்தியவர். பாணியும் வேறு, கோதிக். ஆனால் ஒரு நகரத்தின் முகத்தை மாற்றியமைத்ததில் இளைத்தவரல்ல. 1847இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த ஸ்டீவன்ஸ், 20 வயதில் பொதுப்பணித் துறை வேலைக்காக இந்தியா வந்தார். 1900இல் மும்பையிலேயே இறந்தார். அவருடைய நான்கு முக்கியக் கட்டடங்கள் தென் மும்பையில் ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, லோக்கல் போய் நிற்கும் இடமே. விக்டோரியா டெர்மினஸ் 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆயிற்று. 2017இல் 'மகாராஜ்' சேர்ந்துகொண்டது. பேச்சில் இன்னமும் 'வி.டி.'தான். இந்தக் கட்டடத்தைத் தினமும் மிதிப்பவர்கள்தான் இதைக் குறைவாகப் பார்த்தவர்கள். வண்டி நிற்பதற்குள் குதித்து, கூட்டத்தோடு சப்வேயில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறும்போது கட்டடம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. நின்று திரும்புகிறவருக்கே கல் குவிமாடமும் அதன் உச்சியில் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் 'முன்னேற்றம்' என்ற பெண் சிலையும் தென்படும்.

1878இல் தொடங்கிய வேலை 1888இல் முடிந்தது. செலவு சுமார் 16 லட்சம் ரூபாய். வாசல் தூண்களில் பிரிட்டனுக்கு ஒரு சிங்கம், இந்தியாவுக்கு ஒரு புலி. சுவர்களில் மயில்களும் குரங்குகளும் இலைக் கொடிகளும். இவற்றில் பெரும்பகுதியைச் செதுக்கியவர்கள் பம்பாய் கலைப் பள்ளி மாணவர்கள். சீதாராம் கண்டேராவ் வைத்யா உதவிப் பொறியாளர், எம்.எம். ஜனார்தன் மேற்பார்வையாளர். ரயில் கம்பெனி இயக்குநர்களின் முகங்கள் சுவரில் பதக்கங்களாக இருக்கின்றன. அவற்றில் ஜகன்னாத் சங்கர்சேட், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற இந்தியர்களும் உண்டு. பொறியாளர் வைத்யாவின் பெயர் தெரிந்த பயணிகள் மிகக் குறைவு.

சாலையைக் கடந்தால் மாநகராட்சித் தலைமையகம். 1884இல் இதற்கு அடிக்கல் நாட்டியவர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சிக் கட்டடம் தாங்கியிருக்கும் பெயர். சென்னைக்கு இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் கட்டிய ராபர்ட் சிஷோம் இதற்கு ஒரு வரைபடம் தந்திருந்தார். தேர்வானது ஸ்டீவன்ஸின் வரைபடம்தான். ஆனால் 1893இல் முடிந்த கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள்: கோதிக் வளைவுகளுக்கு மேலே கீழ்நாட்டுக் குமிழ் மாடங்கள். சிஷோம் சென்னையில் விரும்பிக் கையாண்ட இந்தோ-சாரசனிக் பாணியின் சாயல் அது. தோற்றவரின் பாணிக்கும் வென்றவர் இடம் கொடுத்திருக்கிறார்.

அங்கிருந்து ஃப்ளோரா ஃபவுண்டன் வழியாக மேற்கே நடந்தால் 20 நிமிடத்தில் சர்ச்கேட். ஸ்டேஷனுக்கு எதிரே சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைப் பட்டைகளோடு நிற்பது மேற்கு ரயில்வேயின் தலைமையகம். 1894இல் தொடங்கி 1899இல் முடிந்தது, ஸ்டீவன்ஸின் மரணத்துக்கு முந்தைய ஆண்டு. முகப்பின் உச்சியில் நிற்கும் பெண்ணின் கையில் இருப்பது ஒரு ரயில் எஞ்சின்.

பிறகு ஓவல் மைதானத்தைக் கடந்து ரீகல் தியேட்டர் சந்திப்பு. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பல்கலைக்கழக மண்டபத்தை வரைந்த கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஸ்டீவன்ஸ் இங்கேயே வாழ்ந்து, வேலை நடந்த இடத்தில் நின்று கட்டியவர். ரீகல் எதிரே இருக்கும் ராயல் ஆல்ஃப்ரெட் மாலுமிகள் இல்லம் (1872-76) அவருடைய இளமைக்காலப் படைப்பு; வேலை தொடங்கியபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. 1928இல் அது சட்டசபை ஆனது. 1980களில் மாநிலக் காவல்துறைத் தலைமையகம் ஆனது.

நான்கிலும் ஒரு பொது அம்சம்: எதுவும் காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. ஒன்றில் டிக்கெட் விற்கிறார்கள், மற்றவற்றில் கோப்புகள் நகர்கின்றன. ஆட்கள் புழங்குவதால்தான் ஒழுகும் கூரை கண்ணில் படுகிறது, பழுது பார்க்கப்படுகிறது. வி.டி. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பிறகு கவனிப்பு இன்னும் கூடியது.

இந்தக் கவனிப்பு சிலைகளுக்கும் குவிமாடங்களுக்கும் மட்டும்தானா? அதே ஸ்டேஷனின் வடகோடியில் இருந்தது ஹிமாலயா நடைபாலம். 1980களில் கட்டப்பட்டது, மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தது. கட்டமைப்புத் தணிக்கையில் 'பரவாயில்லை' என்று தேறியிருந்தது. 2019 மார்ச் 14 மாலை, அலுவலகம் விட்டு எல்லோரும் ஸ்டேஷனுக்கு விரைந்துகொண்டிருந்த நேரத்தில், அதன் தளம் பெயர்ந்து சாலையில் விழுந்தது. பலியானவர்களில் டோம்பிவிலியிலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு வேலைக்கு வந்து போன செவிலியர்களும் உண்டு. 130 வயதுக் கல் குவிமாடம் நிற்கிறது; அதன் நிழலில், 40 வயதுகூட ஆகாத பாலம் நிற்கவில்லை.

இதற்குக் கல்லையோ இரும்பையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. குவிமாடத்தை உலகம் பார்க்கிறது. பாலத்தை அதன்மேல் நடப்பவர்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அவர்களுக்கோ வண்டியைப் பிடிக்கும் அவசரம்.

வி.டி. ஸ்டேஷனைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பாரம்பரியக் கட்டடத்துக்கு எந்தச் சேதமும் வரக்கூடாது என்று ஆர்வலர்கள் கவலைப்படுவது நியாயமே. படிக்கட்டுகளுக்கும் பாலங்களுக்கும் சப்வேக்களுக்கும் அதே அளவு கவலைப்பட ஆள் வேண்டும்.

ஸ்டீவன்ஸைத் தேடி நடப்பவர்கள் திரும்பும் வழியில் ஸ்டேஷனின் வடகோடிக்கும் போகலாம். அங்கே 2023இல் புதிய பாலம் திறக்கப்பட்டிருக்கிறது. கட்டியவர் பெயரைக் கேட்டு யாரும் அங்கே வரப்போவதில்லை. ஆனாலும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டிய ஐந்தாவது இடம் அதுதான்.